சூடம் அணைத்தவனும் அணைக்காதவனும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் இப்போது துப்பறியும் நாவல்களுக்குத்தான் கிராக்கி. சமயப் புத்தகங்கள் இருந்த தட்டைக் காலி செய்து அங்கே கொலைகாரர்களை அடுக்கிவிட்டார்கள். ஒரு நாவல் வந்து இறங்கினால் ஏழு பேர் பெயர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த வாசகசாலைத் தம்பிகள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் நடத்துகிறார்கள். போன வாரம் என் வீட்டுக்கு வந்து நின்றார்கள்.

"அய்யா, கோர்ட்டுல இருபத்தேழு வருஷம் இருந்தீங்க. சொத்துக்கு ஆசப்பட்டுச் செஞ்ச கொலக் கேஸா ஒண்ணு எழுதிக் குடுங்களேன். நல்ல மர்மமா இருக்கணும்."

மர்மமாம்! நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் துபாசியாக இருந்தவன். துரை இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் கேட்டு, தமிழன் சொல்லும் பதிலை இங்கிலீஷில் சொல்வது என் உத்தியோகம். அங்கே நான் பார்த்ததில் முக்கால்வாசி, கள்ளைக் குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்ட கேஸ். உடைத்தவனுக்கும் ஏன் உடைத்தோம் என்று தெரியாது. இதில் மர்மத்துக்கு நான் எங்கே போவது?

இருந்தாலும் கேட்டுவிட்டார்களே என்று நாலு நாவல்களை வாங்கிப் படித்தேன். நாலும் ஒரே நாவல். ஒரு பணக்காரக் கிழவர், அவர் எழுதிய உயில், அதன்மேல் கண் வைத்த மருமகன், பாலில் விஷம். கடைசியில் துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, "இவர் செத்தால் யாருக்கு லாபம்?" என்று கேட்கிறார். மருமகன் முகம் வெளுக்கிறது. கதை முடிந்தது. மருமகன் முகம் வெளுக்காவிட்டால் அந்தத் துப்பறிகிறவர் பிழைப்பு என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

தம்பிகளே, பேராசைக்காரனை உங்கள் கதாசிரியர்களுக்குத் தெரியவே தெரியாது. அவன் சோம்பேறி. விஷம் தேடி அலைவது, கையுறை போட்டுக்கொள்வது, வேறொருவன் கையெழுத்தைப் பழகுவது இதெல்லாம் அவனால் ஆகாது. அத்தனை சுறுசுறுப்பு இருந்தால் அவன் உழைத்தே சம்பாதித்திருப்பான். நான் பார்த்தவரை கொலை செய்தது கள்ளும் கோபமும் சந்தேகமும்தான். பேராசை எப்போதும் பிணம் விழுந்த பிறகுதான் வந்தது. கேதத்துக்கு வந்த மூன்று அண்ணன் தம்பிகள், செத்துப்போன தங்கையின் தையல் மிஷினைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்த கேஸ் ஒன்று வந்தது. பிணம் இன்னும் உள்ளே கிடக்கிறது. அவர்களில் ஒருவனுக்காவது தைக்கத் தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேராசை என்றால் அதுதான்.

கொலைக் கேஸ் வேண்டும் என்றீர்களே, கொலைக் கேஸ் ஆக்கப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாமவர் எங்கள் தலைமைத் துபாசி அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர். ஏழாவது படித்துவிட்டு ரயில்வேயில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த என்னைச் சோதித்துப் பார்த்து, ஆறு மாதம் பின்னால் நிறுத்தி, தொழில் பழக்கியவர் அவர். சாட்சிக்கூண்டுக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி நிற்பார். சாட்சியின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். கண்ணைப் பார்த்தால் பாவம் வரும், பாவம் வந்தால் இங்கிலீஷ் கெட்டுப்போகும் என்பது அவர் கொள்கை. சாட்சி அழுதால், அழுது முடிக்கும் வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பார். பிறகு அழுகையை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் ஒன்று விடாமல் எடுத்துக் கொடுப்பார். கெட்ட வார்த்தை என்றாலும் அப்படியே வரும். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டே சில நேரம் நெளிவார், அம்பலவாணர் நெளிய மாட்டார்.

"தம்பி, அவன் அஞ்சு சொல்லுச் சொன்னா அஞ்சையும் குடு. நாலு குடுத்தா களவு. ஆறு குடுத்தா பொய். விளங்குதோ?" என்பார்.

அவர் பென்ஷனில் போக ஒரு வருடம் இருந்தபோது என்னைக் கிள்ளான் கோர்ட்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் இரண்டாவது ஆளைப் பார்த்தேன். போலீஸ் இன்ஸ்பெக்டர், இளவயது வெள்ளைக்காரர். அவர் அறையில் சட்டப் புத்தகம் ஒன்றும், துப்பறியும் நாவல்கள் இரண்டு வரிசையும் இருந்தன. சட்டப் புத்தகத்தின் மேல் தூசி இருந்தது. எந்தக் கேஸ் வந்தாலும் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டு, "யாருக்கு லாபம்?" என்றுதான் ஆரம்பிப்பார். கோழி திருடு போனாலும் அதே கேள்வி. கோழியைத் தின்றவனுக்கு லாபம் என்று சொல்லலாமா என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. சொன்னதில்லை. அவருக்கு என்னைப் பிடித்திருந்தது. "அம்பலவாணர் போனதும் அந்த இடத்துக்கு உன் பெயரை நான் சொல்கிறேன்" என்று ஒருநாள் சொன்னார். அன்றையிலிருந்து அவர் சிரித்தால் நானும் சிரித்தேன்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் இருக்கும். கிள்ளானில் வையாபுரி என்று ஒரு பால்காரர். பெண்டாட்டி இல்லை, ஒரே மகள் பாக்கியம். அவளுக்கு முனியாண்டி என்ற பையனைக் கட்டிவைத்து வீட்டோடு வைத்துக்கொண்டார். மாமனும் மருமகனும் பதினோரு பசு கறந்து ஊருக்கு ஊற்றினார்கள். இரண்டு வீடு தள்ளி வையாபுரியின் தம்பி சடையப்பன் குடியிருந்தான். அவன் என்ன தொழில் செய்தான் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் கேட்டபோது "குடும்பஸ்தன்" என்றான். அப்படியே மொழிபெயர்த்தேன்.

ஒரு மத்தியானம், பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய முனியாண்டி கொட்டகையில் மாமனார் கிடப்பதைப் பார்த்தான். தலை தொட்டிக்கல்லின் மேல், உயிர் இல்லை. சடையப்பனைக் கூப்பிட்டுவிட்டு அவன் போலீஸுக்கு ஓடினான். போலீஸ் வந்து பார்த்தபோது வையாபுரியின் காதில் கடுக்கன் இல்லை. சிவப்புக்கல் கடுக்கன், பரம்பரைச் சொத்து. இடது காதுக் கல்லின் ஓரம் மாடு முட்டி உடைந்தது. பாக்கியம் இந்த அடையாளத்தைச் சொன்னபோது மொழிபெயர்த்தவனே நான்தான்.

டாக்டர் மூன்றாகச் சொன்னார். யாராவது அடித்திருக்கலாம், தானே விழுந்திருக்கலாம், மாடு உதைத்தும் விழுந்திருக்கலாம். பதினோரு மாடு நிற்கும் கொட்டகையில் எது நடந்திருக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். இன்ஸ்பெக்டருக்கு மாடு பிடிக்கவில்லை. மாட்டுக்கு லாபம் இல்லையே!

"சொத்து மகளுக்கு. மகள் என்றால் மருமகனுக்கு" என்று மேசையைத் தட்டினார். சடையப்பனுக்கு அண்ணன் சொத்தில் பங்கு கிடையாது, ஆகவே அவன் நல்ல சாட்சி. அந்த நல்ல சாட்சி, கூப்பிடாமலே வந்து சாட்சி சொன்னான்.

"மொத நாளு ரெண்டு பேருக்கும் சண்டைங்க, தொர. ஒரு கெடாரிய விக்கிறதுல. நான் போய்ப் பாக்கிறப்பவே அண்ணன் காது வெறுங்காதுங்க."

பிறகு அவனே ஒரு யோசனையும் சொன்னான். "எங்க சாதி சனத்துல பொய்யின்னா சூடம் அணைக்க மாட்டாங்க. அம்மன் கோயில்ல வச்சு அவன அணைக்கச் சொல்லுங்க. நானும் அணைக்கிறேன்."

கற்பூரம் கொளுத்திக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது நம்மவர்களிடம் உண்டு. சட்டத்தில் அதற்கு இப்படிப்பட்ட கேஸில் இடமில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் துரைக்கு அது ஒரு நாவலின் கடைசி அத்தியாயம் மாதிரி இனித்தது. மறுநாள் காலையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன மாரியம்மன் கோயில் வாசலில் எல்லாரும் நின்றோம். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பூசாரி வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார்.

சத்திய வாசகத்தைத் துரை சொல்ல, தமிழில் நான் சொன்னேன். "என் அண்ணனை நான் கொல்லவில்லை." சடையப்பன் அதை மூன்று தரம் சொல்லிவிட்டு, கொசு அடிக்கிற மாதிரி ஒரே தட்டில் சூடத்தை அணைத்தான். எங்கள் எல்லாருக்கும் திருநீறு வேறு பூசிவிட்டான்.

அடுத்தது முனியாண்டி. புதுக் கற்பூரம் எரிந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அணைக்க மாட்டேங்க, அய்யா" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். "பாக்கியம் முழுகாம இருக்கு. ஆறு மாசம். புருசன்காரன் தீய அணைச்சா வயித்துல இருக்கறதுக்கு ஆகாதுங்க. என்ன அடிச்சுக் கேட்டாலும் சரி, கோர்ட்டுல நிக்க வச்சுக் கேட்டாலும் சரி, உள்ளதச் சொல்றேன். இது மட்டும் முடியாதுங்க."

பிள்ளைத்தாச்சியின் புருஷன் செய்யக்கூடாதது என்று நம் வீடுகளில் ஒரு பட்டியலே உண்டு. பாடை தூக்கக்கூடாது, ஆடு கோழி அறுக்கக்கூடாது, எரிகிற தீயை அணைக்கக்கூடாது. எனக்கு மூன்று பிள்ளைகள். நானும் அதையெல்லாம் பார்த்தவன்தான். இங்கிலீஷ் படித்துவிட்டதால் பயம் போய்விடவில்லை.

"அணைப்பானா மாட்டானா?" என்றார் துரை.

"மாட்டான்" என்றேன்.

துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் காரணத்தைக் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. கேட்காததைச் சொல்வது துபாசி வேலை அல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது ஓரளவுக்கு நியாயமும்கூட. ஆனால் கோர்ட்டில் நடந்ததற்கு அந்த நியாயமும் கிடையாது.

டாக்டரின் பேச்சை வைத்துக்கொண்டு கொலைக் குற்றம் நிற்கவில்லை. பிணத்தின் காதிலிருந்து நகை திருடினான் என்று மட்டும் கேஸ் நடந்தது. சடையப்பன் கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு, வெறுங்காதுக் கதையைக் கண்ணில் தண்ணீரோடு சொன்னான். இன்ஸ்பெக்டர் எழுந்து கோயில் விஷயத்தைச் சொன்னார். மாஜிஸ்திரேட் வயதானவர், நல்லவர், கொஞ்சம் காது மந்தம். முனியாண்டி பக்கம் திரும்பி, "நீ ஏன் மறுத்தாய்?" என்று கேட்டார்.

கேள்வியைத் தமிழில் கேட்டேன். முனியாண்டி கோயிலில் சொன்னதையே மறுபடி சொன்னான். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, எனக்கு மொழிபெயர்க்க வசதியாக, நாலு வாக்கியமாகச் சொன்னான். மனைவி, ஆறு மாதம், தீ, பிள்ளை. அதன் பிறகு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நாலு வாக்கியத்தையும் நான் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மாஜிஸ்திரேட் இந்த நாட்டில் இருபது வருடம் இருந்தவர். "பிள்ளைத்தாச்சியின் புருஷனைத் தீயை அணைக்கச் சொன்ன முட்டாள் யார்?" என்று கேட்டிருப்பார். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்திருக்கும். "உனக்குத் தெரியாதா?" என்று என்னைப் பார்த்திருப்பார். அடுத்த மாதம் அம்பலவாணர் போகிறார். அந்த நாற்காலி எனக்கு ரொம்ப நாளாக வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டாமல், பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"வீட்டு விஷயமாக ஏதோ காரணம் சொல்கிறார்" என்றேன், இங்கிலீஷில்.

மாஜிஸ்திரேட் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாத முனியாண்டி, தான் சொன்னது முழுவதும் துரையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துத் தானும் தலையை ஆட்டினான். அம்பலவாணர் கணக்கில் நான் செய்தது களவு. கடுக்கன் களவைவிடப் பெரிய களவு. அதைக் கோர்ட் நடுவில், கோட்டுப் போட்டுக்கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

ஒன்றரை வருடம் போட்டார்கள். பாக்கியம் வெளியே படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பை அவளுக்குச் சொல்வது என் வேலை இல்லை என்று பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் கோலாலம்பூரில் அம்பலவாணர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சடையப்பன், அண்ணன் மகள் தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று பதினோரு பசுவையும் தன் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனான். லாபமே இல்லாதவன் என்று இன்ஸ்பெக்டர் சொன்னாரே, அந்த ஆள்தான். துரையோ மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார், நாவல் பெட்டி சகிதம்.

இரண்டு வருடம் கழித்துக் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தலில் முன்வரிசையில் சடையப்பன். எழுந்து வந்து எனக்குச் சந்தனம் கொடுத்தான். குனிந்தபோது பார்த்தேன், காதில் சிவப்புக்கல் கடுக்கன். இடது கல்லின் ஓரம் உடைந்திருந்தது.

உங்கள் நாவலில் இதை ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியைக் குழியில் போட்டு, குழிக்கு ஒரு வரைபடம் வரைந்து, வரைபடத்தை ரகசிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். இந்த மனிதன் காதில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்திருக்கிறான்! ஆசைப்பட்டு எடுத்ததைப் போட்டுக்கொள்ளாமல் என்ன செய்வான்? பந்தலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். அவன் கொஞ்சமும் பதறவில்லை.

"அண்ணன் காதுலேருந்து நான்தான் கழட்டினேன், துபாசியாரே. வெறச்சுப் போச்சுன்னா காதக் கிழிச்சுல்ல எடுக்கணும்? செத்தவங்க நகையக் கழட்டறது வழக்கந்தான?"

"கோர்ட்டில் வெறுங்காது என்றாயே?"

"கோர்ட்டுல சொன்னது கோர்ட்டுக்கு. சாமிகிட்ட நான் பொய் சொல்லலியே! அண்ணனக் கொல்லலன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். அது சத்தியம். கடுக்கனப் பத்திச் சொல்லச் சொல்லியிருந்தா, சாமி மேல ஆணையா, நான் அணைச்சிருக்க மாட்டேன்."

இதுதான் அவனுடைய பக்தி. வெள்ளைக்காரனிடம் பொய், அம்மனிடம் மெய், அண்ணன் பிணத்தின்மேல் கை. இவனைப் பிடிக்கத் துப்பறிகிறவர் வேண்டுமா? ஒரு கேள்வி போதும். கொன்றவனும் ஆசைப்பட்டவனும் ஒரே ஆள் என்று நாவலில் படித்திருந்ததால் துரைக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. வாசகத்தைத் தமிழாக்கிய எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனியாண்டியைத் தேடிப் போனேன். விடுதலையாகிச் சாலாக் செலாத்தானில் இருப்பதாகச் சொன்னார்கள். அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசை, ஓரத்தில் ஒரே ஒரு பசு. முனியாண்டி புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். ஒரு பெண் குழந்தை அவன் காலைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தது.

"நல்லபடியாப் பொறந்துச்சுங்க, அய்யா" என்றான். "உள்ள இருக்கறப்ப எனக்கு அது ஒண்ணுதான் பயம். அன்னிக்கு மட்டும் அணைச்சிருந்தேன்னா இது இல்லீங்க. ஒன்றர வருசம் போனாப் போவுது."

கடுக்கன் விஷயத்தைச் சொல்லத்தான் போயிருந்தேன். கேஸைத் திறக்கலாம், சடையப்பனை உள்ளே தள்ளலாம், பசுக்களைத் திருப்பி வாங்கலாம் என்று ரயிலில் வரும்போது வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாயைத் திறக்கும்போது அவன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேங்க. நான் சொன்னத அந்தத் தொரகிட்ட அப்படியே சொன்னீங்கதானே? பாக்கியம் முழுகாம இருக்குன்னு?"

"சொன்னேன்" என்றேன்.

அவன் பெருமூச்சு விட்டான். "நீங்க சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியுங்க. வெள்ளக்காரன், அவனுக்குப் புரியல. நீங்க என்ன செய்வீங்க?"

கேஸைத் திறந்தால் பழைய காகிதங்களைப் படிப்பார்கள். அதில் என் மொழிபெயர்ப்பு இருக்கும். கடுக்கனைப் பற்றி நான் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை. நாற்காலி அப்போது எனக்கு நிரந்தரமாகியிருந்தது. அதை இழந்துவிடுவேன் என்ற பயத்தைவிட, இந்தப் பால்காரன் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசைதான் அந்த நிமிஷத்தில் பெரிதாக இருந்தது. அவனிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு நினைப்புதான். அதையும் வாங்கிக்கொண்டேன்.

"பாக்கியம்" என்று அவன் குடிசைக்குள் குரல் கொடுத்தான். "துபாசி அய்யா வந்திருக்காரு. நல்ல பாலா ஊத்திக் காப்பி போடு. அன்னிக்கு நமக்காகப் பேசுனவரு."

பெரிய பித்தளை டம்ளரில் நுரை தளும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் என்னைக் கும்பிட்டாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. முழுவதையும் குடித்தேன்.